எழுத்துருவும் மென்பொருளும் கலையாமல் இயங்குதளத்தைப் பெரிய டிஸ்குக்கு மாற்றும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற தமிழக-கேரள எல்லை ஊர்களில் டிடிபி கடை நடத்துபவர்களின் கணினியில் என்னென்ன இருக்கும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையின் ஒரு பக்கத்தைத் தமிழிலும் மறுபக்கத்தை மலையாளத்திலும் அடித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், பாமினி முதலான பழைய தமிழ் எழுத்துருக்கள், எம்எல்-டிடி வரிசையைச் சேர்ந்த மலையாள எழுத்துருக்கள், இரண்டு மொழிக்கும் தனித்தனி விசைப்பலகை மென்பொருள்கள், பேஜ்மேக்கர் 7, பழைய பிரிண்டருக்கான டிரைவர், பில் போடும் மென்பொருள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் அந்த ஒரே கணினியில் சேர்ந்திருக்கும். அவற்றை நிறுவப் பயன்பட்ட சிடிக்கள் பெரும்பாலும் இப்போது கையில் இருக்காது. ஒருநாள் சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறி, இடம் இல்லை என்ற அறிவிப்பு வரத் தொடங்கும்போது, புதிய டிஸ்க் வாங்கி விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடலாம் என்று பலரும் எளிதாகச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் விண்டோஸ் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். மேலே சொன்னவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்திப் பழைய கோப்புகள் சரியாகத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகையால் இத்தகைய கணினிகளுக்கு ஏற்ற வழி, இருக்கும் இயங்குதளத்தை அப்படியே பெரிய டிஸ்குக்கு நகலெடுப்பதுதான். இதைக் குளோன் செய்தல் என்கிறோம். சி டிரைவில் உள்ள கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்துப் புதிய டிஸ்கில் ஒட்டினால் கணினி அதிலிருந்து துவங்காது. கணினியைத் துவக்கும் சிறு பகுதிகள் சி டிரைவுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. அவையும் உரிய வரிசையில் புதிய டிஸ்குக்குப் போக வேண்டும். அந்தச் சிறு பகுதிகளைப் புரிந்துகொண்டவருக்கு இந்த வேலையில் பாதி முடிந்துவிட்டது என்பதே என் கருத்து.

ஓர் எச்சரிக்கையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வைரஸ் புகுந்த கணினி, அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோகும் கணினி, அப்டேட் ஏறாமல் பல மாதங்களாகத் தவிக்கும் கணினி ஆகியவற்றைக் குளோன் செய்தால் அந்தக் கோளாறும் சேர்ந்தே வரும். அவற்றுக்குப் புதிய நிறுவலே சரி. அதேபோல, விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிஸ்கை மாற்றுவதால் அந்த நிலை மாறிவிடாது. கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி உடையதாக இருந்தால், முதலில் டிஸ்கை மாற்றி எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, பிறகு மேம்படுத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறிய இயலாது.

டிஸ்கில் உள்ள பகுதிகளைப் பார்த்தல்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்கும் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். யூஇஎஃப்ஐ என்னும் புதிய துவக்க முறையில் (பழைய முறைக்கு லெகசி என்று பெயர்) துவங்கும் கணினியாக இருந்தால், பட்டையின் இடது ஓரத்தில் 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (பார்ட்டிஷன் என்றால் டிஸ்கில் பிரித்த பகுதி) இருக்கும். கணினியை எழுப்பும் பூட் கோப்புகள் இதில்தான் உள்ளன. அடுத்து 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்துள்ள பகுதி ஒன்று உண்டு. அதை இந்தப் பட்டை காட்டுவதில்லை. அதன் பின் சி டிரைவ். சி டிரைவை ஒட்டி வலப்பக்கத்தில், பெரும்பாலும் 500 எம்பி முதல் 1 ஜிபி வரையிலான ரிகவரி பார்ட்டிஷன் இருக்கும். இந்த வலப்பக்கப் பகுதியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பெரிதாகியும் சி டிரைவ் பெரிதாகவில்லையே என்று பலர் திகைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

பட்டையின் இடப்பக்கத்தில் டிஸ்க் 0 என்று எழுதியுள்ள இடத்தில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் என்ற தாவலுக்குப் போனால், டிஸ்கின் பகுதிகளை அட்டவணையிடும் பார்ட்டிஷன் முறை புதிய ஜிபிடியா, பழைய எம்பிஆரா என்று தெரியும். இந்த ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். எம்பிஆர் முறையில் டிஸ்கில் தகவலை எழுதும் சிறு கட்டங்களான செக்டார்களின் எண்களை எழுத 32 பிட் மட்டுமே உள்ளது. ஒரு செக்டார் 512 பைட் என்னும்போது ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தை அதனால் குறிக்க முடியாது. எனவே 4 டெராபைட் டிஸ்க் வாங்கிப் பழைய எம்பிஆர் அமைப்பை அதில் நகலெடுத்தால் மிச்ச இடம் வீணாகக் கிடக்கும். 500 ஜிபியிலிருந்தும் அதற்குக் கீழேயிருந்தும் 1 டெராபைட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எந்த டிஸ்கை வாங்குவது

இயங்குதளத்துக்கு இனிமேல் சுழலும் ஹார்டு டிஸ்க் வாங்க வேண்டாம். கணினி மிகப் பழையதாக இருந்தாலும் சாட்டா (வழக்கமான டிஸ்க் இணைப்பு) வகை எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத டிஸ்க், போட்டாலே அது புதிய உயிர் பெற்றதுபோல் வேலை செய்யும். சுழலும் டிஸ்க் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி அளவில் படிக்கும்போது, சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் படிக்கும். அதைவிட முக்கியமாக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இரண்டுக்கும் இடையே ஒப்பிட முடியாத தூரம் உள்ளது. எழுத்துருக்கள் நிறைந்த கணினியில் பேஜ்மேக்கர் திறக்க எடுக்கும் நேரத்திலேயே இதை உணரலாம்.

லேப்டாப் உடையவர்கள் வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து, அல்லது அந்த மாடலின் கையேட்டைப் பார்த்து, உள்ளே இருப்பது 2.5 அங்குல சாட்டா இடமா, எம்.2 ஸ்லாட்டா என்று உறுதி செய்யுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே; அதே வடிவில் சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. சில ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். பழைய மதர்போர்டுகள் என்விஎம்இ டிஸ்கைச் சேமிப்பிடமாக ஏற்றாலும் அதிலிருந்து துவங்க மறுக்கலாம். சந்தேகம் இருந்தால் சாட்டா வகையை வாங்குவது பாதுகாப்பானது.

பெட்டியில் 1 டெராபைட் என்று எழுதியிருந்தால் விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும். 500 ஜிபி என்பது 465 ஆகத் தெரியும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு இது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் வரி விகிதம் ஒன்றுதான். ஆகையால் விலையில் சிறு வேறுபாட்டைப் பார்த்து அலைவதைவிட, முறையான பில்லும் வாரன்ட்டியும் தரும் கடையில் வாங்குங்கள். கூடவே, யுஎஸ்பி 3.0 வகையில் ஒரு சாட்டா கேபிளோ எம்.2 பெட்டியோ வாங்கிக்கொள்ளுங்கள்; புதிய டிஸ்கை வெளியிலிருந்து இணைத்து நகலெடுக்க அது தேவைப்படும், பிறகு பழைய டிஸ்கைப் பேக்கப் டிஸ்காக வைத்துக்கொள்ளவும் உதவும்.

நகலெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலாவது, பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிவு செய்துவைத்துள்ள எண்கள் தெரியும். ரீஅலோகேட்டட் செக்டார், கரன்ட் பென்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார் என்ற மூன்று வரிகளில் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எண்கள் இருந்து, மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கையும் இருந்தால், அந்த டிஸ்க் தேயத் தொடங்கிவிட்டது. அப்போது முழு டிஸ்கையும் குளோன் செய்ய முனையாமல், வேறு எங்கும் கிடைக்காத கோப்புகளையும் எழுத்துருக்களையும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். அதன் பிறகு, கெட்ட இடங்களைத் தாண்டிச் சென்று நல்ல இடங்களை முதலில் படிக்கும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியைப் பயன்படுத்தலாம். டிஸ்கிலிருந்து கிளிக் கிளிக் என்று சத்தம் வந்தால் அணைத்துவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோவதே நல்லது. ஒவ்வொரு முறை முயலும்போதும் நிலைமை மோசமாகும்.

டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் முக்கியக் கோப்புகளுக்குத் தனிப் பிரதி ஒன்று பென்டிரைவிலோ வெளி டிஸ்கிலோ இருக்க வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. குளோன் செய்யும்போது மூலம் எது, இலக்கு எது என்று மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால், காலியான புதிய டிஸ்க் பழைய டிஸ்கின் மீது நகலாகி எல்லாம் அழிந்துவிடும். அதைத் திரும்பப் பெற வழியில்லை.

இரண்டாவது, டிஸ்கில் உள்ள தகவலைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். புதிய லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்கிக்கொண்டிருப்பது உண்டு. செட்டிங்ஸில் பார்த்து, இயங்கினால் அதை அணைத்து, முழு டிஸ்கும் பூட்டு நீங்கும் வரை காத்திருங்கள். 48 இலக்கங்கள் கொண்ட ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் அவசியம். மாற்றம் முடிந்த பின் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, சி டிரைவில் சேர்ந்துள்ள குப்பையை டிஸ்க் கிளீனப் மூலம் நீக்கி, சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் தாவலுக்குப் போய்ப் பிழைச் சோதனையை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு கணினியை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைக்கும்போது, அடுத்த முறை விரைவாகத் துவங்குவதற்காக விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி உறங்கப் போகிறது. அந்த நிலையில் உள்ள சி டிரைவை வெளிக் கருவிகள் முழுமையாக மூடப்படாதது என்று கருதி நகலெடுக்க மறுக்கும். ஷிஃப்டுடன் அணைத்தால் முழுமையாக மூடப்படும்.

நான்காவது, மின்சாரம். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய இந்தப் பக்கத்தில் ஆனி, ஆடி மாதக் காற்று தென்னை மட்டைகளைக் கம்பி மீது தள்ளுவதும், ஒரு பிற்பகலில் பலமுறை மின்சாரம் போய் வருவதும் வழக்கம். நகலெடுக்கும்போது மின்சாரம் நின்றால் பழைய டிஸ்குக்குப் பெரும்பாலும் ஆபத்து இல்லை, ஏனெனில் அதிலிருந்து படிப்பு மட்டுமே நடக்கிறது. வேலையை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் பார்ட்டிஷனை நகர்த்தும் வேலையின் நடுவே மின்சாரம் நின்றால் அந்தப் பார்ட்டிஷன் உடைந்துபோகும். டெஸ்க்டாப் என்றால் நல்ல பேட்டரி உள்ள யுபிஎஸ் வேண்டும். லேப்டாப் என்றால் முழு சார்ஜோடு சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும்.

எந்தக் கருவியால் நகலெடுப்பது

சாம்சங், வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் போன்ற நிறுவனங்கள் தங்கள் டிஸ்கை வாங்கியவர்களுக்கு நகலெடுக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை நகலெடுத்து, சி டிரைவின் அளவையும் பெரும்பாலும் தாமே சரிசெய்துவிடும். முதல் முறை செய்பவர்கள் தங்கள் டிஸ்க் நிறுவனத்தின் மென்பொருள் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். முன்பு பலரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தில் நின்றுவிட்டதால், பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அதைத் தேடி, எங்கோ கிடைக்கும் நிறுவல் கோப்பை இறக்கி ஓட்டாதீர்கள்.

எந்த நிறுவனத்தின் டிஸ்காக இருந்தாலும், விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் வேலை செய்யும் கருவி குளோன்ஜில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள் இது. இதன் திரை பழைய காலத்து நீல, சாம்பல் நிறப் பெட்டிகளாக இருப்பதால் முதலில் சிலர் மிரளுவார்கள்; ஆனால் நிதானமாகப் படித்துச் சென்றால் தவறு நேராது. டிஸ்க் முழுவதையும் படிக்காமல் தகவல் உள்ள இடங்களை மட்டும் நகலெடுப்பதால் நேரமும் மிச்சமாகும்.

குளோன்ஜில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற கருவியால் ஒரு பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம். கணினியை இயக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். கணினிக்குக் கணினி விசை மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அறியாத மென்பொருளிலிருந்து துவங்கவிடாத செக்யூர் பூட் தடுத்தால், கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதைத் தற்காலிகமாக அணைக்கலாம்.

மொழியும் விசைப்பலகையும் தேர்ந்த பின், டிவைஸ்-டிவைஸ் என்ற தேர்வையும், பிகினர் மோடையும், டிஸ்கிலிருந்து உள்ளூர் டிஸ்குக்கு என்ற தேர்வையும் வரிசையாகக் கொடுங்கள். அடுத்து வருவதுதான் கவனம் முழுவதையும் கேட்கும் திரை. டிஸ்குகள் இங்கே சி, டி என்ற எழுத்துகளில் தெரியாது. எஸ்டிஏ, எஸ்டிபி அல்லது என்விஎம்இ என்று தொடங்கும் பெயர்களோடு, அளவும் மாடல் எண்ணும் தெரியும். முதலில் மூல டிஸ்க், பிறகு இலக்கு டிஸ்க். இதற்காகவே, வேலையைத் தொடங்கும் முன் இரண்டு டிஸ்குகளின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஒரு காகிதத்தில் "பழையது", "புதியது" என்று எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். 931 ஜிபி, 465 ஜிபி என்று அளவு வேறுபட்டால் எளிதில் தெரிந்துவிடும் என்று நினைப்பது சரிதான். ஆனால் கணினிக்குள் டி டிரைவாக இன்னொரு 1 டெராபைட் டிஸ்கும் இருந்தால் அளவு துணைக்கு வராது. அப்படி இன்னொரு டிஸ்க் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான ஆலோசனை.

குளோன்ஜில்லா ஒன்றுக்கு மேற்பட்ட முறை உறுதி கேட்கும். அது தொந்தரவு என்று எண்ணி ஒய், ஒய் என்று தட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு முறையும் இலக்கு என்று காட்டும் பெயரைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு வேலை தானே நடக்கும். 200 ஜிபி தகவலுக்கு யுஎஸ்பி 2.0 வழியாக இரண்டு மணி நேரம் பிடிக்கும், யுஎஸ்பி 3.0 வழியாக, பழைய டிஸ்க் நன்றாக இருந்தால், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

டிஸ்கை மாற்றிப் பொருத்துதல்

நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் போய்விடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு டிஸ்கைத் தொடுங்கள். லேப்டாப்பில் மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். எம்.2 டிஸ்கை ஸ்லாட்டில் சாய்வாகச் செருகினால் அதன் மறுமுனை மேலே தூக்கியபடி நிற்கும். அதை விரலால் மெல்ல அழுத்தித் தட்டையாக்கிச் சிறிய திருகைப் பொருத்த வேண்டும். தங்க நிறப் பற்கள் பாதி வெளியே தெரிந்தால் அது முழுவதும் உள்ளே போகவில்லை என்று பொருள். அந்தத் திருகு அரிசி மணி அளவே இருக்கும். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பழைய டிஸ்கை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, புதிய டிஸ்க் மட்டும் உள்ள நிலையில்தான் முதல் முறை துவக்க வேண்டும். இதை நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவேன். இரண்டும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கிய இரட்டை டிஸ்குகளாக இருப்பதால், இரண்டும் இணைந்திருந்தால் எதிலிருந்து துவங்கியது என்று தெரியாது. விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும். சில சமயம் புதிய டிஸ்கிலிருந்து துவங்குவதாக நம்பிப் பழைய டிஸ்கிலேயே நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருப்போம். பழைய டிஸ்க் இல்லாமல் கணினி துவங்கினால் மட்டுமே நகல் முழுமையானது என்று நம்பலாம்.

துவங்கவில்லை என்றால் பதற்றப்பட வேண்டாம். பழைய டிஸ்க் கையில் பத்திரமாக இருக்கிறது. பயாஸுக்குள் போய்ப் புதிய டிஸ்க் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கே தெரியவில்லை என்றால் இணைப்பு சரியில்லை. தெரிந்தும் துவங்கவில்லை என்றால், பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா, பழைய டிஸ்க் எம்பிஆர் என்றால் பயாஸ் லெகசி முறையிலும் ஜிபிடி என்றால் யூஇஎஃப்ஐ முறையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சாட்டா பயன்முறை முன்பு ஏஹெச்சிஐ ஆக இருந்ததா ரெய்டு ஆக இருந்ததா என்பதும் மாறாமல் இருக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் பூட் கோப்பு இல்லை என்ற செய்தி வந்தால், விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து துவக்கி ரிப்பேர் என்ற பகுதியில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள்.

சாட்டா டிஸ்கிலிருந்து என்விஎம்இக்கு மாறுபவர்களுக்கு, பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்று நீலத் திரை வருவது உண்டு. புதிய வகை டிஸ்குக்கான டிரைவரைத் துவக்கத்திலேயே ஏற்ற வேண்டும் என்பது பழைய அமைப்புக்குத் தெரியாததே காரணம். இதைத் தவிர்க்க, நகலெடுக்கும் முன்பே சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டைத் தேர்ந்து, அப்படியே அணைத்துவிட்டு நகலெடுங்கள். புதிய டிஸ்க் முதல் முறை சேஃப் மோடில் துவங்கும்போது தேவையான டிரைவர்கள் ஏறிவிடும். பிறகு அதே தாவலில் தேர்வை நீக்கிவிட்டுச் சாதாரணமாகத் துவக்கலாம். சேஃப் மோடில் உள்நுழையும் பின் (PIN) எண் வேலை செய்யாமல் போகக்கூடும் என்பதால், கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லெகசி முறையில் உள்ள கணினிக்கு இந்த வழி போதாது. என்விஎம்இயிலிருந்து துவங்கப் பொதுவாக யூஇஎஃப்ஐ வேண்டும். விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, தகவலை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவியை மைக்ரோசாஃப்ட் உடன் தருகிறது. அதை ஓட்டிய பின் பயாஸை யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். 2 டெராபைட்டைத் தாண்டும் டிஸ்க் வாங்கியவர்களுக்கும் இதுவே வழி.

சி டிரைவை விரிவாக்குதல்

குளோன்ஜில்லாவின் எளிய முறை பழைய அளவுகளை அப்படியே வைத்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும். அதன் வலப்பக்கத்தில் ரிகவரி பார்ட்டிஷன். அதற்கும் வலப்பக்கத்தில் கறுப்புப் பட்டையாக அன்அலோகேட்டட் என்று புதிய இடம் முழுவதும் கிடக்கும். சி டிரைவில் வலது கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரியும். ஒட்டி இருக்கும் காலி இடத்தை மட்டுமே விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் சுவராக நிற்கிறது.

அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. அது கணினி துவங்காத நாளில் உதவிக்கு வரும் பகுதி. நகர்த்தினால் போதும், அழிக்க வேண்டியதில்லை. முதலில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ரீஏஜென்ட்-சி (reagentc) என்னும் கட்டளையின் டிசேபிள் (/disable) தேர்வால் மீட்பு வசதியை முடக்குங்கள். அப்போது மீட்புக் கோப்பு சி டிரைவுக்குள் வந்துவிடும். பின்பு ஷிஃப்டுடன் கணினியை அணைத்து, பார்ட்டிஷன்களை நகர்த்தும் கருவியான ஜிபார்ட்டெட் லைவை, குளோன்ஜில்லாவைப் போலவே எழுதிய பென்டிரைவிலிருந்து துவக்குங்கள். டிஸ்கின் முழு இடமும் பயன்படவில்லை, சரிசெய்யவா என்று கேட்டால் ஃபிக்ஸ் கொடுக்கலாம். ஜிபிடி அட்டவணையின் இரண்டாம் பிரதியை டிஸ்கின் உண்மையான முடிவுக்கு மாற்றுவதற்கான கேள்வி அது. முதலில் ரிகவரி பார்ட்டிஷனைப் பட்டையின் வலக் கோடிக்கு இழுங்கள். அதன் பிறகு சி டிரைவின் வலது விளிம்பை ரிகவரியைத் தொடும் வரை இழுத்துப் பெரிதாக்குங்கள். இடது விளிம்பைத் தொடவே கூடாது. துவக்கம் நகர்ந்தால் முழு சி டிரைவையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். அப்ளை கொடுக்கும் வரை டிஸ்கில் எதுவும் மாறாது என்பதால், கீழே உள்ள வேலைப் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு அப்ளை கொடுங்கள். அடுத்த முறை விண்டோஸ் துவங்கும்போது சி டிரைவைச் சோதிக்கும். அதைத் தடுக்காமல் முடிய விடுங்கள். இறுதியில் அதே கட்டளையின் எனேபிள் (/enable) தேர்வால் மீட்பு வசதியை மீண்டும் இயக்குங்கள்.

லினக்ஸும் உள்ள கணினிகள்

கேரளப் பள்ளிகளில், மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் கைட் குனு/லினக்ஸ் பயன்பாட்டில் இருப்பதால், இந்தப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் விண்டோஸோடு அதையும் நிறுவிய லேப்டாப்புகள் உண்டு. குளோன்ஜில்லா இரண்டையும் சேர்த்தே நகலெடுக்கும். லினக்ஸ் தன் பார்ட்டிஷன்களை யூயூஐடி என்னும் அடையாளத்தால் தேடுகிறது. நகலிலும் அதே அடையாளம் இருப்பதால் எந்தத் திருத்தமும் இல்லாமல் துவங்கும். பழைய டிஸ்கையும் இணைத்து வைத்தால் குழப்பம் இங்கே இன்னும் அதிகம். விரிவாக்கும்போது, லினக்ஸ் பகுதி டிஸ்கின் கடைசியில் இருந்தால் புதிய இடத்தை அதற்குக் கொடுப்பது எளிது. நடுவில் உள்ள சி டிரைவுக்குக் கொடுக்க வேண்டுமானால் லினக்ஸ் பகுதி முழுவதையும் வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் குரப் திரை வராமல் நேரடியாக விண்டோஸ் துவங்கினால், பயாஸின் பூட் வரிசையில் உபுன்டு (கைட் லினக்ஸின் அடிப்படை) என்ற பெயரைத் தேடி மேலே ஏற்றிப் பாருங்கள்.

வேலைக்கு அனுப்பும் முன் சோதித்தல்

டெஸ்க்டாப் திரை வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். பாமினியில் அடித்த ஒரு பழைய கோப்பையும், எம்எல்-டிடி கார்த்திகாவில் அடித்த ஒரு மலையாளக் கோப்பையும் பேஜ்மேக்கரில் திறந்து, கூட்டெழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று பார்த்து, இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். படங்கள் டி டிரைவிலிருந்து இணைக்கப்பட்டிருந்தால் அந்த எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். மாறியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே மீண்டும் கொடுங்கள். விண்டோஸின் உரிமம் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது என்பதால் டிஸ்க் மாற்றம் அதைப் பாதிப்பதில்லை. ஆனால் சில கணக்கு மென்பொருள்களும் விசைப்பலகை மென்பொருள்களும் டிஸ்கின் எண்ணோடு உரிமத்தைப் பிணைத்திருக்கும். அவற்றின் உரிம விவரத்தை மாற்றத்துக்கு முன்பே எடுத்து வைத்திருப்பது நல்லது.

பழைய டிஸ்கில் தேதியை எழுதி ஒட்டி, குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடிப்பும் ஜிஎஸ்டி தாக்கலும் புதிய டிஸ்கில் நடந்து முடியும் வரை தொடாமல் வையுங்கள். அதன் பிறகு விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ எண்ணினால், ஆதார், ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் என்று ஊரார் நம்பிக் கொடுத்த ஸ்கேன்கள் அதில் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குவிக் ஃபார்மட் அவற்றை அழிப்பதில்லை. இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். சுழலும் டிஸ்க் என்றால் வேறொரு கணினியில் இணைத்து, ஒவ்வொரு பார்ட்டிஷனையும் குவிக் என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள்; விண்டோஸ் விஸ்டா முதல் இந்த முழு ஃபார்மட் ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்ஜியம் எழுதுகிறது. பழையதும் எஸ்எஸ்டியாக இருந்தால், அந்த நிறுவனத்தின் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் இரேஸ் என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள். சுழலும் டிஸ்கின் முழு ஃபார்மட் மெதுவாகவே நடக்கும். பெரிய டிஸ்க் என்றால் சில மணி நேரம் ஆகும், கடை மூடும் நேரத்தில் தொடங்கிவிட்டு மறுநாள் காலையில் பார்க்கலாம்.